மூன்றாவது ஸ்பூன்

தொட்டித் தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையுமே, அந்தக் குளியல் உருண்டையை மழை நாளில் செய்யக் கூடாது, டாக்டர். காற்றில் இருக்கும் ஈரத்துக்கே மாவு பொங்கிவிடும். ஆனால் லீவு விட்ட பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். பெரியவள் ஏன் பேசுவதில்லை, ஏன் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள் என்று தெரிய வேண்டும் என்றீர்கள். எனக்கும் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

இவர்கள் என் அக்காவின் பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது, குட்டிக்கு நாலு. பெரியவள் பிறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அக்கா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நான் பள்ளியை விட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மாமா பிரிந்து போன பிறகு வீட்டில் நாங்கள் நாலு பேர்தான். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நான். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட இருவரும் 'சித்தி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்ற மாதம் அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

"பசங்களைக் கூட்டிட்டுப் போறேன்டி. அங்க ஆபீஸ்லயே பாத்துக்க இடம் இருக்கு. நீயும் எத்தனை நாள்தான் எனக்காகவே மாரடிப்ப? விட்ட படிப்பைப் படி," என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதை நான் எங்கும் மறுக்க மாட்டேன்.

தன் அம்மாவின் பிறந்தநாளுக்குக் குளியல் உருண்டை செய்யலாம் என்றது பெரியவள்தான். சமையல் சோடா, சிட்ரிக் ஆசிட், சோளமாவு, ரோஜா வாசனை எல்லாம் வாங்கினோம். முதல் நாள் குட்டி தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளிவிட்டாள்.

"சித்தி, இது வீங்குது!"

"உன் கன்னத்தைப் பாத்துக் கத்துக்கிச்சு."

"அக்காதான் தண்ணி ஊத்துனா!"

"புளுகு மூட்டை! பாட்டில் யாரு கையிலடி இருக்கு?" என்றாள் பெரியவள்.

அச்சுக்கு மேல் உப்பி, வெடித்து, எல்லாம் வீண். தண்ணீர் வேண்டாம், எண்ணெயில் பிசையலாம் என்றேன். எண்ணெய்க்கு மாவு பொங்காது. ஓர் உருண்டைக்கு அரை ஸ்பூன் போதும். மதியம் பிள்ளைகள் தூங்கும்போது, ஒரு ஸ்பூன் விட்டு ஒன்று செய்து தொட்டியில் கரைத்துப் பார்த்தேன். தண்ணீரை வடித்துவிட்டுத் தேய்க்க இறங்கினேன். கால் வழுக்கி முழங்கை கன்றிப்போனது. எழுந்திருக்காமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் முறிந்தால் மூன்று மாதம் நடக்க முடியாது, மாற்றலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

மறுநாள் ஸ்பூனைப் பெரியவள் கையில் கொடுத்தேன்.

"போதுமா சித்தி?"

"இன்னும் ஒண்ணு."

"இப்ப?"

"இன்னும் ஒண்ணு ஊத்து. அம்மாவுக்குத் தோல் வறண்டு கெடக்குல்ல."

ஒரே உருண்டைக்கு மூன்று ஸ்பூன், மூன்று முறையும் அவள்தான் ஊற்றினாள். எண்ணெய்ப் புட்டியை நான் தொடவேயில்லை. அதில் கவனமாக இருந்தேன். தொட்டிக்குள் போடும் ரப்பர் விரிப்பை மட்டும் பிறந்தநாள் காலையில் எடுத்து வெளியே காயப்போட்டேன்.

சாயங்காலம் அக்கா குளிக்கப் போனாள். உருண்டை கரையும் சத்தத்தைப் பிள்ளைகள் கதவில் காது வைத்துக் கேட்டுச் சிரித்தார்கள். "சூப்பரா இருக்குடி தங்கங்களா," என்றாள் உள்ளிருந்து. அரை மணி நேரம் கழித்து, அவள் எழுந்திருக்கும் நேரத்தில், ஒரு சத்தம் கேட்டது. ஒன்றுதான்.

பெரியவள் கதவைத் தட்டினாள். "அம்மா?"

"அம்மா நிம்மதியாக் குளிக்கட்டும், வா," என்று சமையலறைக்குக் கூட்டிப்போய் அவளை அச்சுகளைக் கழுவவைத்தேன். மூன்று அச்சு. எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

கால் முறிந்திருக்கவில்லை. பின்தலை குழாயில் பட்டு, முகம் தண்ணீருக்குள் இருந்தது. உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தவறி விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது.

மூன்றாம் நாள் பெரியவள் கேட்டாள். "நான் நிறைய ஊத்திட்டேனா சித்தி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். "சித்தி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கண்ணு," என்றேன். அதன் பிறகு அவள் பேசவில்லை.

தொட்டியை எத்தனையோ முறை தேய்த்துவிட்டேன். வடிகாலிலிருந்து இன்னும் ரோஜா வாசனை வருகிறது. குழாயை மூடினாலும் உள்ளே எதுவோ கரைந்துகொண்டே இருக்கிறது. பிரமை என்பீர்கள். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் பெரியவளும் தலையைத் திருப்பிப் பார்க்கிறாள்.

இதைப் போலீசிடம் கொடுப்பதானால் கொடுங்கள். செய்தது நான்தான், ஓடிவிட மாட்டேன். பெரியவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இப்போது என் துணியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவாள். அம்மா இல்லாத பிள்ளை, டாக்டர். என்னையும் இழந்தால் தாங்கமாட்டாள்.