திரும்பி வந்த பள்ளிக்கூடம்

அண்ணே, அந்தக் கதிரைய உள்ள கொண்டு வராதீங்க, போட்டு ஒக்காரக்கூட எடமில்ல. வாசப்படியிலயும் வேணாம், அங்க ஏற்கெனவே கரும்பலகை படுத்திருக்கு. மதில் ஓரமா... ஆங், அப்படியே இருக்கட்டும்.

கோவிச்சுக்காதீங்க. காலையிலருந்து நீங்க பதினோராவது ஆளு. நான் பாலாம்பிகை. இந்தப் பழைய பள்ளிக்கூடத்தக் கலைக்கூடமாக்குற கமிட்டிக்கு செயலாளர். செயலாளர்னு பேருதான், செய்யிறது சுமை தூக்குற வேலை.

நீங்களே எட்டிப் பாருங்க. மண்டபம், அந்தப் பெரிய ஹோல் தெரியுதா? தெரியாது. மேசைதான் தெரியும். பழைய மாணவர்னு சொல்லிக்கிட்டு ஆளாளுக்கு எறக்கி வச்சுட்டுப் போறாங்க. பள்ளிக்கூடத்த மூடுனப்போ நம்ம ஊரு மஹய்யாவயில பாதி வீட்டுக்கு ஒவ்வொரு மேசை போயிருக்கு. யாரு கண்டா? இப்பதானே தெரியுது.

புசல்லாவையிலருந்து ஒருத்தர் ஜன்னல் கதவக் கொண்டாந்தாரு. பஸ்ல, அண்ணே. கண்டக்டர் அதுக்கும் ஒரு டிக்கட் கிழிச்சானாம். பதினஞ்சு வருசமா கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்தாராம். றவூப் நானா, அதான் ஹார்ட்வெயார் கடை வச்சிருக்காரே, நமக்கு பெயின்ட் எல்லாம் சும்மா தந்தவரு, அவரு மூணு தரம் கழுவிட்டாரு. இன்னும் கோழி வாசம் போகல. சகீனா டீச்சர் தராசு கொண்டாந்தாங்க. ஒரு தட்டுதான் இருக்கு. மத்தது எங்க டீச்சர்னு கேட்டா, சாம்பிராணி போட வச்சுக்கிட்டோம்ங்கிறாங்க.

எங்க விட்டேன்... ஆ, ஹோல். இது ஒண்ணும் லேசுல கெடைச்ச ஹோல் இல்ல. நூத்தி இருவது வருசக் கட்டடம். மூடுன பொறகு பதினெட்டு வருசம் சிமெந்து மூட்டை அடுக்கி வச்சிருந்தாங்க. எழுதி எழுதி, நடையா நடந்து, போன வருசந்தான் கைக்கு வந்துச்சு. ஓடு மாத்தி, தளம் பூசி, சொவரெல்லாம் வெள்ளையடிச்சு... சனிக்கெழம தெறப்பு விழா. இருபத்தேழு பிள்ளைங்க காமன் கூத்து ஆடணும். அதுங்க இப்ப ரோட்டோரம் நின்னு தப்பு அடிச்சுப் பழகுதுங்க. த்ரீவீல்காரங்க ஹோர்ன் அடிச்சே தாளத்தக் கெடுக்குறாங்க.

நாளைக்குக் காலையில அனுமதி குடுக்குற ஆபீசர், ஒரு சேர், வந்து பாப்பாரு. நூறு பேர் ஒக்கார்ற மாதிரி ஹோல் காலியா இருந்தாத்தான் கையெழுத்து. இல்லாட்டி விழாவும் இல்ல, ஒண்ணும் இல்ல, திரும்பவும் கோடவுன்தான். கோடவுன்லருந்து மீட்டுட்டு, நாங்களே கோடவுனாக்கி வச்சிருக்கோம் பாருங்க. அந்த சேர் ரொம்பக் கறாராம். எங்கயோ ஒரு மண்டபத்துல மணல் வாளி ரெண்டு அங்குலம் தள்ளி இருந்துச்சுன்னு கையெழுத்துப் போடாமத் திரும்பிட்டாராம். மனுசனா, கோடு போட்டு அளக்குற அடிமட்டமா?

ஏண்ணே இருமுறீங்க? தண்ணி வேணுமா?

எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னது யாருன்னா... அது... ஒரு மெசேஜ் போச்சு. வட்ஸ்அப்ல. நமக்கு வேண்டியது என்னமோ ரெண்டு கதவுக்குப் பித்தளைக் கொண்டி. பழைய மாதிரியே போடணும்ல. யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க. நேரா கேட்டா வெக்கப்படுவாங்களேன்னு, 'பள்ளிக்கூடச் சாமான் எது இருந்தாலும் கொண்டாங்க, ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம்'னு... ஆமா, நான்தான் எழுதுனேன். கொண்டின்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம். எழுதல. கொண்டியத் தவிர எல்லாம் வந்துருச்சு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. நீங்களும் அதப் பாத்துத்தானே கதிரையோட வந்தீங்க. வந்ததுதான் வந்தீங்க, இந்த மேசைக்கு ஒரு கை புடிச்சா வெளிய தள்ளிறலாம். கக்கத்துல இருக்க ஃபைல அப்படி வச்சுட்டு... அது என்ன ஃபைலு?

நாளைக்குன்னுல்ல சொன்னாங்க? நாளைக்கு வேற எடமா... அதுனால இன்னைக்கே...

சேர், ஒக்காருங்க சேர். இல்ல, அந்தக் கதிரையிலயே ஒக்காருங்க, நீங்க கொண்டாந்ததுதானே. நல்ல உறுதியான கதிரை. ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்ததா?

ஐயோ, நான் ஒண்ணும் கேக்கல சேர். கேக்க மாட்டோம்னு எழுதியே போட்டிருக்கேன். நீங்களும் இந்த ஹோலப் பத்தி இன்னைக்கு ஒண்ணும் கேக்காதீங்க. சனிக்கெழம விடியிறதுக்குள்ள, தலையில சுமந்தாவது காலி பண்ணிருவேன். அந்தப் பிள்ளைங்க மேல சத்தியம்.

என்ன சேர் தேடுறீங்க? கையெழுத்துப் போட மேசையா?

எந்த சைஸ்ல மேசை வேணும், சேர்?