அவள் திரையில் மட்டும்

டீ ஆறுது, குடிங்க மச்சான். உங்க தங்கச்சி இப்பதான் கண்ணசந்திருக்கா, மெதுவாப் பேசுவோம்.

அவ லேப்டாப் சும்மாத்தானே கெடக்குது, உங்க பொண்ணு படிப்புக்கு ஆகட்டுமேன்னுதான் கொடுத்தேன். அதுல உங்க பொண்ணு கண்டுபிடிச்ச எக்ஸ்டென்ஷனை, அதான் பிரவுசரோட ஒட்டி ஓடுற குட்டி புரோகிராமை, எடுக்க மறந்தே போயிட்டேன். ஆமா, அது நான் எழுதினதுதான். பிரவுசர்ல விளம்பரத்தைத் தடுக்க அவ போட்டிருந்ததுங்களோட இதையும் சேர்த்துவிட்டேன். ஆபீஸுக்காக அவ செய்யிற வெப் பக்கத்தை லேசாக் கலைக்கும். ஒரு பட்டனை நகர்த்தும், ஒரு எண்ணை மாத்திக் காட்டும். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். அவ்வளவுதான்.

அவ கண்ணு உங்களுக்குத் தெரியாததா? வாசல்ல நின்னே சுவத்துப் படம் கோணல்னு சொல்லிடுவா. கோணலாத்தான் இருக்கும். நான் என்ன சொன்னாலும் சரிபார்க்காம விடமாட்டா. கட்டினவன் சொல் ஒருநாளாவது அம்பலம் ஏற வேண்டாமா? அப்புறம் வெளியூர்ல பெரிய வேலை வந்தது. "நான் முன்னாடி போறேன், நீங்க மெதுவா வாங்க"ன்னா. மெதுவா வரணுமாம்.

அவ லேசுப்பட்டவ இல்ல. எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாத தனி விண்டோல முதல்ல திறந்து பார்த்தா. அதுலயும் இது ஓடுற மாதிரி நான் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தேன். அடுத்து என் லேப்டாப்ல திறந்தா. "உங்களுக்கு எப்படித் தெரியுது?"ன்னா. "நல்லாத்தானே இருக்கும்மா"ன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவ திரும்பிப் போய்ப் பார்க்கிறதுக்குள்ள அவ லேப்டாப்லயும் சரியாயிடுச்சு.

இல்லாத கோளாறைச் சொல்லிச் சொல்லி ஆபீஸ்ல சிரிப்பாச் சிரிச்சுட்டாங்க. வந்து அழுதா. கண் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னாரு. அதைக் கேட்டப்புறந்தான் அவ ரொம்பப் பயந்துட்டா. புது வேலையும் வேண்டாம், இருக்கிற வேலையும் வேண்டாம்னு அவளே எழுதிக் கொடுத்தா. நான் போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

இப்ப நிம்மதியா இருக்கோம். எதுக்கும் என்னைத்தான் கேக்குறா. நேத்து படுக்கப் போறப்ப, "அடுப்பை அணைச்சேனான்னு பாருங்களேன்"ன்னா. போய்ப் பார்த்தேன். அணைஞ்சுதான் இருந்தது. வந்து, "எரிஞ்சுட்டு இருந்துச்சும்மா, நான் அணைச்சுட்டேன்"ன்னேன்.

"நீங்க இல்லைன்னா என் கதி என்ன?"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்படிப்பட்டவளை உங்களோட எப்படி மச்சான் அனுப்புறது?