பிளம்ஸ் மரத்தடிச் சாராயம்

வேணாண்ணே, மேல வைக்க வேணாம். மடியிலேயே இருக்கட்டும். பஸ்ஸு வ்ரான்யே போற வரைக்கும்தானே? சாராயம்தான். இருபத்தெட்டு வருஷத்துச் சரக்கு. ஆம்பளப் புள்ள பொறந்த அன்னைக்கு மண்ணுல பொதச்சு, அவன் கல்யாணத்துக்குத் தோண்டி எடுக்கறது, உங்க பக்கமும் உண்டுல்ல?

எனக்குக் கல்யாணமா? நல்லாக் கேட்டீங்க போங்க! என் கூட்டாளி திஹோமிருக்கு, நாளைக்கு வ்ரான்யேல. பொண்ணு ஸ்தாமெனா. என் மூஞ்சி மாறுதா? மாறும் மாறும். பள்ளிக்கூடத்துலேர்ந்து நான் பாத்துக்கிட்டிருந்த பொண்ணு. அவ பாத்தது அவன.

போன வருஷம் மே மாசம் பட்டாளம் எல்லைப் பட்டைக்குள்ள திரும்பப் போச்சே, டிவியில பாத்திருப்பீங்க. அஞ்சு கிலோமீட்டர் அகலம். அதுல பட்டாளம் கால் வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டாங்க, கெரில்லாக்காரன் வந்து சப்பணம் போட்டு உக்காந்துட்டான். எங்க ஊரே உள்ளாற மாட்டிக்கிச்சு. அதத் திரும்பப் புடிக்கப் போனப்ப முன்னாடி போனது யாரு? நான். கண்ணிவெடி எடுக்கறவன். கம்பியால குத்திக் குத்தி வவுத்தால ஊந்து போறேன். நான் போன தடத்துலயே கால வச்சுப் பின்னாடி நடந்து வரார் திஹோமிர் தொர.

ஊருக்குள்ள போனா ஒருத்தனும் இல்ல, முந்தின நாளே துப்பாக்கியப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. இவன் ஓடிப்போய் அவன் வீட்டு வாசக்கதவுக்கு முத்தம் குடுக்கறான். கேமராக்காரன் அத எடுத்துட்டான். நாடு பூரா அந்த முத்தம்தான். நானும் அந்தப் படத்துல இருக்கேண்ணே. நல்லா உத்துப் பாத்தா என் பூட்ஸ் ஒண்ணு தெரியும்.

பத்தி எரியாதா? மறுநாளே ஸ்தாமெனா லாரி புடிச்சு வந்து அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுவுறா. என்னப் பாத்து, அட, நீயும் போயிருந்தியான்னா.

அப்புறம் பாத்தா அவன் வீட்டுக் கொல்லையில வெடி இருக்குன்னு மண்டையோட்டுப் பலகை. சாராயம் அங்கதான், பிளம்ஸ் மரத்தடியில. அத எடுக்காம கல்யாணம் கிடையாதுன்னு அவன் அப்பன் ஒத்தக் கால்ல நின்னுட்டான். கொல்லையச் சுத்தம் பண்ற குழு வரும் வரும்னு ஒரு வருஷம் ஓடிப்போச்சு. எனக்கா? சந்தோஷந்தான், பொய் எதுக்கு.

போன வாரம் அவ என்னத் தேடி வந்தா. நீதான் எங்க கல்யாணச் சாட்சின்னா. அதக் கேட்டு வந்தா முடியாதுன்னு சொல்ற வழக்கமே எங்ககிட்ட இல்ல. அப்புறம் கையப் புடிச்சுக்கிட்டா. திஹோமிர் தானே எறங்கித் தோண்டப் போறானாம், செத்துருவானாம்.

நேத்து நான் எறங்கினேன். ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிலுவை போட்டுக்கிது. விரக்கடை விரக்கடையாக் கம்பியால குத்தி, வேர்வையத் தொடச்சு, மூச்சப் புடிச்சு, முழுசா ரெண்டு மணி நேரம். ஒரு தடவ நிமிந்து பாத்தேன். ஸ்தாமெனா வாயப் பொத்திக்கிட்டு அழுவுறா. பக்கத்துல நிக்கறவன அவ பாக்கவேயில்ல. என்னத்தான் பாத்தா.

பத்து நிமிஷ வேலைண்ணே அது. அந்தக் கொல்லையில எந்தக் காலத்துலயும் வெடி கெடையாது. அந்தப் பலகைய நட்டதே நாந்தான், அவ அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுத அன்னைக்கு.