முன்வரிசைச் சட்டை

— இழுங்க போரெக் அண்ணே, நல்லா இழுத்துப் பாருங்க. இந்த ஹினெக் அடிச்ச ரிவிட் ஒண்ணாவது கழண்டா, இன்னைக்குக் கோட்டைத் திருவிழா வேடிக்கைச் சண்டையில நான் நிக்கல, குதிரைக்குப் புல்லு போடறேன்.

— சோதிக்கிறதுதானே என் வேலை, இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன் தம்பி. உடம்புப் பகுதி அருமையா இருக்கு, சும்மா சொல்லக் கூடாது. கடையில வாங்கினதில்லையே?

— கடையா? நம்ம கோட்டைச் சங்கத்துச் சட்டம் எனக்குத் தெரியாதா? இரும்பு வளையச்சட்டையைத் தன் கையால செஞ்சவனுக்குத்தான் சண்டையில முன்வரிசை. கம்பி சுத்தினது, வெட்டினது, நுனியைத் தட்டி ஓட்டை போட்டது, ரிவிட் அடிச்சது, எல்லாம் இந்தக் கை. குளிர்காலம் பூரா வீட்டுல டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம். என் பொண்டாட்டியை வேணா கேளுங்க.

— சத்தம் கேட்டது நிஜம் அண்ணே. கீழ்வீட்டுக்காரங்க துடைப்பக் கட்டையால கூரையைக் குத்தினதும் நிஜம்.

— பாத்தீங்களா, ராட்காவே சொல்றா.

— சரி, வலது கையைத் தூக்கு. இதென்ன தம்பி, இந்தக் கைப்பகுதி மட்டும் கெழவன் பல்லாட்டம் ஆடுது? இதோ, ஒண்ணு என் விரலோடயே வந்துடுச்சு.

— அது வந்துண்ணே...

— இரு, இரு. உடம்புல எல்லா வளையத்துலயும் வலது நுனி மேல ஏறி உக்காந்திருக்கு. இந்தக் கையில இடது நுனி மேல. ரெண்டு பேரு வேலை இது.

— உங்க கண்ணுக்குத் தப்புமா. சொல்லிடறேன். இந்த ஒரு கை மட்டும் ராட்கா செஞ்சது. ஆசையா கேட்டா, மாட்டேன்னு சொல்ல மனசு வரல. மத்ததெல்லாம் நான்தான்.

— அப்படியா ராட்கா?

— அவன் வாயால சொல்லிட்டான், இனி நான் என்ன சொல்ல. நீங்க வேலையைப் பாருங்கண்ணே.

— சரி, ஒரு கைக்காக ஆளைத் தள்ள மாட்டேன். சண்டைக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஆடுறதை எல்லாம் பிடுங்கிட்டு உன் கையாலயே புதுசு போடு தம்பி. இந்தா கம்பி, இந்தா சுத்துற கோல்.

— இதென்ன பெரிய விஷயம். தூக்கத்துல எழுப்பி விட்டாலும் சுத்துவேன். பாருங்க, எப்படி வரிசையா விழுதுன்னு. ஒண்ணு வெட்டித் தரேன், இந்தாங்க.

— தம்பி.

— சொல்லுங்கண்ணே.

— இடது நுனி மேல வருது.

— எங்க? கை தடுமாறியிருக்கும். காலையிலேயே ஒரு பியர் ஊத்திட்டேன். இதைப் பாருங்க, இது சரியா இருக்கும்.

— இதுவும் இடதுதான்.

— உங்க கம்பி சரியில்லண்ணே.

— கம்பி என்ன பண்ணும்? அவனவன் கை எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம்தான் விழும். ராட்கா, நீ ஒண்ணு சுத்தும்மா.

— அவ எதுக்குண்ணே, கையெல்லாம் கரியாயிடும்.

— நீ செத்த சும்மா இரு. என்னம்மா, நீ இடதுகைக்காரியா?

— சூப் குடிக்கிறது, முள்ளங்கி சீவறது, இவன் காதைத் திருகறது, எல்லாம் இந்தக் கைதான். இந்தாங்க வளையம்.

— வலது நுனி மேல. அப்போ உடம்பு பூரா உன் வேலை.

— அந்த ஒரு கை அவனோடதுண்ணே, அதையும் சேத்துச் சொல்லணும். அதை முடிச்ச கையோட பியர்க் கடைக்குப் போனவன், வசந்தம் வரைக்கும் திரும்பிப் பாக்கல. சத்தம் மட்டும் நிக்கல.

— ராட்கா, ஊர் பூரா முன்வரிசைன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்கப்பா வேற அதைப் பாக்க பஸ் ஏறிட்டார். ரொம்ப அவமானமா இருக்கு. அண்ணன்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசேன்.

— அவ என்ன பேசினாலும் சட்டம் சட்டம்தான் தம்பி. செஞ்சவங்கதான் போட்டுக்கிட்டு நிக்கணும். முன்வரிசையில இன்னைக்கு ஒரு இடம் காலின்னு போய்ச் சொல்லிடறேன்.

— காலின்னு சொல்லிடாதீங்கண்ணே. ஹினெக், அந்த வளையச்சட்டையைக் கழட்டு. உள்ள போட்டிருக்கியே பஞ்சுச்சட்டை, அதையும்தான். அதை நான் என் அளவுக்குத்தான் தைச்சேன்.