சூப்புக்கு ரெண்டு ரப்பர் பேண்ட்

— இல்லீங்க, டெலிவரி வேண்டாம்னுதான் சொல்றேன். இன்னைக்கு நானே எடுத்துட்டுப் போறேன்.

— ஒரு நிமிஷம் மேடம். இந்தக் குரல எங்கியோ கேட்டிருக்கேன். சனிக்கிழமை ஏழு மணி, முட்டை ஃப்ரைட் ரைஸ், வெங்காயத்தாள் கிடையாது, சிக்கன் எலும்பில்லாம?

— சோள சூப்ப விட்டுட்டீங்க. சூப் டப்பாவுக்கு ரெண்டு ரப்பர் பேண்ட், சாஸுக்கு ஒண்ணு.

— அட, நீங்கதானா அது. ஒரு வருஷமா போன்லயே பேசிக்கிட்டிருக்கோம். நான் என்னமோ ஒல்லியா, உயரமா இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உக்காருங்க, உக்காருங்க. மாஸ்டர், யார் வந்திருக்காங்க பாரு. நம்ம சனிக்கிழமை மேடம்.

— அடுப்ப விட்டுட்டு வந்து பாக்கணுமா, ஜன்னல் வழியா பாத்தாப் போதுமா? வாம்மா. நான் ஒண்ணும் சொல்லல, ஆனா வாசல் ஏறி வந்தவங்கள நீ ஒல்லியா இல்லியேன்னு விசாரிக்கற மனுஷன் இவர் ஒருத்தர்தான்.

— பரவால்லீங்க. மாஸ்டர் மாஸ்டர்னு இவர் போன்ல கத்தும்போதெல்லாம் நான் யாரோ மீசை வச்சவர்னு நெனச்சிருந்தேன்.

— இவர் பொண்டாட்டி நான்தான் மாஸ்டர். போன் எடுக்கறது, டப்பா கட்டறது, பைக்ல கொண்டுபோய்க் குடுக்கறது இவர் வேலை. அடுப்புப் பக்கம் விடறதில்ல. விட்ட அன்னைக்கு நூடுல்ஸ கத்தியால வெட்டித்தான் எடுத்தோம்.

— அது எதுக்கு இப்ப. விஷயம் என்னன்னா மேடம், இந்தச் சந்துக்குள்ள கடையக் கண்டுபிடிச்சு வந்தீங்களே, அதுவே பெருசு.

— முனையில கேட்டேன். பல்லி படம் போட்ட போர்டு பாத்து உள்ள போங்கன்னாங்க.

— அது டிராகன்.

— அத நீங்க வரையறவர்கிட்ட சொல்லியிருக்கணும். சரி, எவ்வளவு நேரம் ஆகும்? இப்ப அஞ்சரை. பத்து நிமிஷத்துல கட்டிக் குடுத்தீங்கன்னா அஞ்சே முக்காலுக்கெல்லாம் அங்க இருப்பேன்.

— அங்கன்னா? உங்கண்ணன் வீட்டுக்கா? நீங்களேவா?

— நானேதான்.

— ஏழு மணிக்குப் போங்களேன்.

— ஏன்?

— விஷயம் என்னன்னா, எப்பவும் ஏழு மணிதானே. இப்பவே கட்டினா சூடு ஆறிடும்.

— அஞ்சே முக்காலுக்குச் சாப்பிட்டா எப்படிங்க ஆறும்?

— கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க.

— நீ சூப்பப் பாரு மாஸ்டர்.

— எனக்கு ஏழு மணி வரைக்கும் நேரம் இல்லீங்க. சரியாச் சொல்லணும்னா ஒவ்வொரு நிமிஷமும் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கேன். நான் ஒரு கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவ. எங்க கடை மாடியில ஒரு கண் டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு நாள் வெளியூர்லருந்து வந்து உக்காருவார். எங்க அண்ணனோட பழைய ரிப்போர்ட்ட அவர்கிட்ட காட்டினேன். போன பார்வை போனதுதான், ஆனா உடனே ஆபரேஷன் பண்ணா இருக்கறதக் காப்பாத்தலாம், அடுத்த தடவை வரைக்கும் விட்டா நான் பொறுப்பில்லைன்னுட்டார். இன்னைக்கு எட்டு மணிக்குக் கிளம்பிடுவார். அதுக்குள்ள அண்ணன அவர் முன்னாடி கொண்டுபோய் உக்கார வைக்கணும்.

— கூப்பிட்டா வந்துடுவாரா?

— எங்க வருவான். அதான் சீக்கிரம் போறேன். மொதல்ல பார்சல நீட்டினா கதவு திறக்கும். என் மூஞ்சியப் பாத்ததும் மூடப் பாப்பான், கால வச்சுக்குவேன். அப்புறம் திட்டுவான். அதுக்கு அரை மணி நேரம். நான் அழறதுக்கு பத்து நிமிஷம். அதுக்கு மேல அவனுக்கே தாங்காது. ஏழரைக்கு டாக்டர்கிட்ட இருந்தாப் போதும்.

— அழறதுக்குக் கூடவா டைம் போட்டு வச்சிருக்க?

— பழக்கங்க மாஸ்டர். எழுதி வச்சுக்கலைன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது.

— நான் ஒண்ணும் சொல்லலம்மா, ஆனா அப்படி என்னதான் சண்டை? ஒரு வருஷமா சோறு போடற, எதிர்ல நிக்கறதுக்கு பயப்படற.

— மாஸ்டர், அதெல்லாம் அவங்க வீட்டு விஷயம்.

— இருக்கட்டும், கேக்கட்டும். அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டினவன். பதினெட்டு வருஷம், வேன்ல ஒரு கீறல் கிடையாது. கண்ணாடிய மாத்தணும்னு ஒரு நாள் எங்க கடைக்கு வந்தான். நான்தான் டெஸ்ட் பண்ணேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுமே தெரியல அவனுக்கு. ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி நேரா இருக்கறது மட்டும்தான். யார்கிட்டயும் மூச்சு விடாத, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டு விட்டுடறேன்னான். இருபத்திரெண்டு பிள்ளைங்கங்க அந்த வேன்ல. மறுநாள் காலையில ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சொல்லிட்டேன்.

— சொல்லித்தான ஆகணும்.

— ஆகணும். அதுல எனக்கு இன்னைக்கும் சந்தேகம் இல்ல. ஆனா அவன்கிட்ட, நான் போய்ச் சொல்லப் போறேண்டான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். அத நான் செய்யல. தடுத்துடுவானோன்னு பயம். அவன் எப்பவும் போல குளிச்சு, காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டு சாவி கேக்கப் போயிருக்கான். வாட்ச்மேன்தான் சொல்லியிருக்கான், உனக்கு சாவி கிடையாதாம், உன் தங்கச்சி வந்து சொல்லிட்டுப் போச்சுன்னு.

— அய்யோ.

— அன்னைக்கு சாயங்காலம் ஒரே ஒரு போன். இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு இல்லன்னான். நான் சரிண்ணேன்னு கூட சொல்லி முடிக்கல, வச்சுட்டான். அவ்வளவுதான்.

— மேடம், தண்ணி குடிங்க. மாஸ்டர், அந்த சிக்கன்ல காரம் கம்மி.

— தெரியும். ஒரு வருஷமா அதத்தான பண்ணிக்கிட்டிருக்கேன்.

— ஏதோ அந்தக் குலுக்கல் கதைய அவன் நம்பினானே, அதுவரைக்கும் தப்பிச்சேன். கடை ஆண்டு விழாவுல உங்க பேருக்குப் பரிசு விழுந்திருக்குன்னு நீங்க மட்டும் அவன்கிட்ட சொல்லலைன்னா, நான்தான் அனுப்பறேன்னு தெரிஞ்சு மொத வாரமே டப்பா தெருவுக்கு வந்திருக்கும்.

— நான் ஒண்ணும் சொல்லல, ஆனா வாராவாரம் ஒரு வருஷத்துக்குப் பரிசு குடுக்கற கடை எந்த ஊர்ல இருக்கு? அதுவும் இந்த மூணு மேசைக் கடை.

— மாஸ்டர், கொஞ்சம் சும்மா இரு.

— என்ன சொல்றாங்க இவங்க? அவனுக்குத் தெரியுமா?

— விஷயம் என்னன்னா மேடம்...

— தெரியுமா, தெரியாதா?

— ரெண்டாவது வாரமே தெரிஞ்சுக்கிட்டார். டப்பாவக் கையில வாங்கி விரலால தடவிப் பாத்தார். இதுல ஒரு ரப்பர் பேண்ட், இதுல ரெண்டு. கொதிக்கற சூப் எதுன்னு பாக்காமலே தெரியணும்னு நீங்கதானே போடச் சொன்னீங்க. "என்னய்யா, பரிசு விழுந்தவனுக்குக் கண்ணு சரியில்லன்னு உங்க குலுக்கல் பெட்டிக்கு யாரு சொன்னது"ன்னு கேட்டார். நான் பேந்தப் பேந்த முழிச்சேன்.

— வந்து எங்கிட்டயும் அப்படித்தான் முழிச்சார்.

— எறிஞ்சானா?

— இல்ல மேடம், சிரிச்சார். அவகிட்ட பேசமாட்டேன்னுதான் சொன்னேன், சாப்பிடமாட்டேன்னு சொல்லலியேன்னார். வெங்காயத்தாள் இல்லாம அனுப்பறாளே, அதெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சிருக்காளான்னு கேட்டார்.

— சின்ன வயசுல ஒரு தடவை அது தொண்டையில சிக்கி... அத விடுங்க. ஒரு வருஷம். ஒவ்வொரு வாரமும் போன்ல கேட்டேன், வாங்கிக்கிட்டாரா, சந்தேகப்பட்டாரான்னு. நீங்க ஒரு வார்த்தை விடலியே.

— வாக்கு வாங்கிட்டார் மேடம். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, ஒண்ணு நிறுத்திடுவா, இல்ல ஓடி வந்துடுவா. ரெண்டும் வேண்டாம்னார்.

— ஓடி வந்தா என்னவாம்?

— அது... அத நான் எப்படிச் சொல்றது.

— சொல்ல வேண்டாம். நானே போய்க் கேட்டுக்கறேன். சாப்பிட்டிருக்கான்னா கோபம் பாதி போச்சுன்னு அர்த்தம். திட்டறதுக்கு அரை மணி நேரம் வேண்டாம், பத்து நிமிஷம் போதும். எங்க, கட்டியாச்சா?

— சூப் கொதிக்குது. இருங்க.

— வீட்ட எப்படி வச்சிருக்கான்? மாடிப்படி இருட்டா இருக்கும் அங்க. ஒவ்வொரு படி ஓரத்துலயும் வெள்ளை பெயின்ட் அடிச்சா அவனுக்கு நல்லாத் தெரியும். பல்பு ஏதாவது மாத்தினானா, பாத்தீங்களா?

— நான் கேட்டோட நின்னுடுவேன் மேடம். உள்ள போறதில்ல.

— உள்ள கூப்பிடறதே இல்லியா? தபால்காரர் வந்தாக்கூட தண்ணி குடுக்காம அனுப்பமாட்டானே.

— முன்னாடியெல்லாம் குடுப்பார். பெரிய பித்தளை டம்ளர்ல.

— இப்ப?

— இப்ப வெயில் குறைஞ்சுடுச்சுல்ல.

— வெயிலுக்கும் அவன் குடுக்கற தண்ணிக்கும் சம்பந்தம் கிடையாது. பெல் அடிச்சதும் வந்துடறானா, இல்ல தடுமாறி வர்றானா? சரியாச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லணும்.

— இப்பல்லாம் பெல்லே அடிக்கறதில்ல மேடம். நான் போறப்பவே கேட்டுக்கு வெளியில நிப்பார்.

— வெளியிலயா? பாவி, அவ்வளவு பசியா. அப்ப ஏழு மணி வரைக்கும் நிக்க விடமாட்டேன். குடுங்க அந்தப் பைய.

— ஏங்க, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா இது நல்லா இல்ல. அந்தப் பொண்ண இப்படி அனுப்பறது பாவம்.

— மேடம், இப்படிச் செய்யலாமா? கொஞ்ச நேரம் இங்கியே இருங்க. ஏழு மணிக்கு நானே என் பைக்ல கூட்டிட்டுப் போய் நிறுத்தறேன். அங்கிருந்து உங்க டாக்டர் எவ்வளவு தூரம்?

— கால் மணி நேரம்.

— பாத்தீங்களா. ஏழு இருபதுக்குக் கிளம்பினாக்கூட எட்டுக்குள்ள போயிடலாம்.

— திட்டறது?

— அத டாக்ஸியில உக்காந்து திட்டட்டும்மா. யார் வேண்டாம்னா.

— இல்லீங்க. என் டாக்ஸி சந்து முனையில நிக்குது. நீங்க ரெண்டு பேரும் எதையோ மறைக்கறீங்க. அவன் என்னப் பாக்கவே மாட்டேன்னு சொல்லியிருக்கான், அதானே? நேராச் சொல்லுங்க, தாங்கிக்குவேன். தாங்கிக்கிட்டு அப்புறமும் போவேன்.

— அப்படிச் சொல்லல மேடம். சத்தியமா சொல்லல. போன வாரம் கூட, கண்ணாடிக் கடையில அவளுக்கு இப்ப சம்பளம் ஏத்தினாங்களான்னு கேட்டார். எனக்கு எப்படிய்யா தெரியும்னேன்.

— அப்ப வழிய விடுங்க.

— அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நீங்க எதுக்குங்க பூட்டு மாதிரி நிக்கறீங்க? வாக்கு குடுத்தது நீங்க, நான் இல்ல. நீங்க சொல்றீங்களா, நான் இங்கிருந்தே கத்தட்டுமா?

— இரு மாஸ்டர், நானே சொல்லிடறேன். தங்கச்சி, நீ இப்ப போனா வேற யாரோதான்மா கதவத் திறப்பாங்க. வாடகை குடுக்க வழியில்லாம உங்கண்ணன் அந்த வீட்டக் காலி பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு. உனக்குத் தெரிஞ்சா நீ மனசு விட்டுடுவியோன்னு, சனிக்கிழமையானா ரெண்டு பஸ் மாறி வந்து, ஏழு மணிக்கு அந்த கேட்டுக்கு வெளியில நின்னு, இன்னும் அங்கியே குடியிருக்கற மாதிரி என்கிட்ட பார்சல வாங்கிட்டுப் போறார்.