தொட்டியில இடம்

உட்காரச் சொல்றீங்களா? சரி, உட்கார்றேன். காலும் வலிக்குது. ஆனா கத்திரிக்கோலத் தர மாட்டேன் தம்பி, அது என்னோடது. நீங்க இந்தக் கடைக்குத்தான் மேனேஜர், என் கைப்பைக்கு இல்ல.

திருடினேனா? இல்லல்ல? பில்லு போட்டு, காசு கட்டி, அப்புறம்தான் வெட்டினேன். சாமான நான் எடுத்துக்கிட்டேன், மேல சுத்தியிருந்த கவர உங்க பில் மேஜையிலயே விட்டுட்டேன். எதையாவது எடுத்துட்டுப் போனா பிடிச்சு வச்சு விசாரிப்பாங்க. விட்டுட்டுப் போனதுக்கு விசாரிக்கிறத இப்பத்தான் பாக்கறேன்.

வரிசை நின்னுபோச்சா? நிக்கட்டும். வெள்ளரிக்காய்க்கு அதோட தோல் போதாதுன்னு மேல இறுக்கமா ஒரு சட்டை போட்டு விட்டிருக்கீங்களே, அதக் கழட்ட நேரம் ஆகாதா? பிஸ்கட்டப் பாருங்க. வெளிய அட்டை, உள்ள கவர், அதுக்குள்ள ஒரு தட்டு, தட்டுல பள்ளம் பள்ளமா. பெத்த புள்ளையக்கூட யாரும் இவ்ளோ பொத்திப் பொத்தி வைக்க மாட்டாங்க.

பின்னால நின்னவங்களும் என்னப் பாத்துப் பிரிச்சுப் போட்டாங்கன்னா அதுக்கு நான் என்ன பண்றது? நான் யாரையும் கூப்பிடல. முதுகுல பை மாட்டிக்கிட்டு ஒரு பொண்ணு நின்னாளே, அவதான் கை தட்டினா. பூமியக் காப்பாத்தறீங்க ஆன்ட்டின்னா. பூமிய நான் எங்க காப்பாத்தறது? எனக்கு என் குப்பைத்தொட்டியில இடம் வேணும், அவ்ளோதான்.

வீட்டுலயும் நான் சும்மா இல்ல. தயிர் டப்பாவக் கழுவி மாத்திரை போட்டு வச்சிருக்கேன். அட்டைய மடிச்சு, அதுக்குன்னு வர்ற தனி வண்டியில போடறேன். அரிசி பருப்புக்கு நானே துணிப்பை தைச்சு எடுத்துட்டு வந்தேன், உங்க ஆள் அளந்து போட மாட்டேங்கறார். பாக்கெட்டாத்தான் எடுக்கணுமாம். அந்தப் பளபளப்பான தாள எந்த வண்டியும் எடுத்துக்கறதில்ல. தொட்டிக்குத்தான் போகுது.

பெரிய தொட்டியா? முனிசிபாலிட்டியில கேட்டாச்சு, கெஞ்சியும் பாத்தாச்சு. வீட்டுக்கு ஒண்ணுதான். குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு தடவை. மூடி முழுசா மூடினாத்தான் எடுப்பாங்க, கொஞ்சம் தூக்கிட்டு நின்னாலும் சிவப்பு ஸ்டிக்கர ஒட்டிட்டு, எடுக்காமப் போயிட்டே இருப்பாங்க. போன மாசம் என் தொட்டி மூடல. பக்கத்துல வச்ச பைய நாய் இழுத்துத் தெருவெல்லாம் பரப்பிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கப் பொத்திக்கிட்டுத் தாண்டிப் போறார். எங்க வீட்டுக்காரர் ஜன்னலோரம் படுத்துக்கிட்டு எல்லாத்தையும் பாத்துட்டார்.

அதுல என்ன இருந்துச்சா? டயப்பர்தான். அவரோடது. ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய்ப் படுக்கையோட இருக்கார். பஸ் ஓட்டின மனுஷன் தம்பி. சட்டையில மடிப்பு கலைஞ்சா வண்டியவே எடுக்க மாட்டார். தன்னோடது நடுத்தெருவுல கிடக்கறதப் பாத்தார். அன்னியிலேருந்து தண்ணி குடிக்கறத நிறுத்திட்டார். குடிச்சாத்தானே நனையும், நனைஞ்சாத்தானே தொட்டி நிறையும்னு அவரா யோசிச்சிருக்கார். எனக்குத் தெரியல. தாகமில்ல போலன்னு இருந்துட்டேன். உதடெல்லாம் வெடிச்சு, மயங்கிப் போய், டாக்டர் வந்து அதட்டினப்புறம்தான் வாயத் திறந்து காரணத்தச் சொன்னார்.

அதனால தொட்டி அவருக்கு. அவருக்கு மட்டும்தான். உங்க கவரையும் தட்டையும் நீங்களே வச்சுக்கங்க. போலீஸக் கூப்பிடறதுன்னாலும் கூப்பிடுங்க, வாசல்ல என் படத்த ஒட்டறதுன்னாலும் ஒட்டுங்க. நாளைக்கும் வருவேன், இதே மேஜையில நின்னு வெட்டுவேன்.

போன வாரத்துலேருந்தே இப்படித்தான் வெட்டி விட்டுட்டுப் போறேன். இந்த வாரம் வண்டி வந்தப்ப ரெண்டு தலையணைய முட்டுக் கொடுத்து அவரத் தூக்கி உட்கார வச்சேன், பாக்கட்டும்னு. பாத்தும் நம்பாம, மூடி நல்லா மூடியிருந்துச்சான்னு கேட்டார். மூடியிருந்துச்சுன்னேன். அப்புறம் தண்ணி கேட்டார் தம்பி. தானா கேட்டார்.