நகத்தோட பொறந்தவ

இல்லைங்க மேடம், அம்மான்னு இன்னும் கூப்பிடல. ஆறு வயசு ஆகுது. தாகம் எடுத்தா என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி குழாய் மேல வைப்பா, அவ்வளவுதான். பேரச் சொன்னா திரும்ப மாட்டா. ஆனா மாடிப்படில அவங்கப்பா செருப்புச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடிருவா. ஆமா, காதெல்லாம் சோதிச்சுப் பாத்தாச்சு, நல்லாருக்கு.

வெளிய அவள மடியில வச்சுட்டு உக்காந்திருக்காங்களே, அவங்க என் மாமியார். தங்கமானவங்க. அவள யாரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டாங்க. தேதி தப்பாம பொறந்த புள்ள, இதுக்குப் போயி ஏன் இப்படின்னு பாக்குறவங்க கிட்டல்லாம் கேப்பாங்க. நானும் பக்கத்துலதான் நிப்பேன்.

எத்தனாவது வாரத்துல பொறந்தான்னா... பழைய ஃபைல்ல முப்பத்தொம்போதுன்னு இருக்கும். ஒரு நிமிஷம், அத எழுதாதீங்க. கதவ லேசா சாத்திக்கட்டுமா?

பொறந்தப்பவே அவளுக்கு நகம் நீளமா இருந்துச்சுங்க. உள்ளங்கை, பாதமெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. தொடச்சு எடுத்த நர்ஸம்மா அந்தக் கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேனோ என்னவோ. நாள் தாண்டிப் பொறந்த புள்ளைக்குத்தான் நகம் அப்படி வளந்திருக்குமாம். இன்னிக்கும் அவளுக்கு நகம் வெட்ட நான் உக்கார்றதில்ல. அவர்தான் வெட்டி விடுவார்.

முன்ன பாத்த டாக்டர் கிட்ட, யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். வாரம் ரொம்பக் கொறஞ்சாலும் ரொம்பக் கூடுனாலும் புள்ளைக்கு இப்படி ஆக வாய்ப்பு கொஞ்சம் அதிகம்னு சொல்றாங்க, ஆனா ஒரு புள்ளையக் காட்டி இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்கன்னார். தலையாட்டிட்டு வந்தேன். தலைதான் ஆடுச்சு.

நாப்பத்திமூணுன்னு போடுங்க.

கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டாயிட்டேங்க. அவருதுதான், வேற ஒண்ணும் இல்ல. மாமியார் என்ன நெனப்பாங்களோன்னு, கடைசியா விலக்கான தேதிய நாலு வாரம் தள்ளிச் சொன்னேன். ஏழாம் மாசம்தான் மொத ஸ்கேன். புள்ள பெருசா இருக்கேன்னாங்க, அவங்கப்பா மாதிரி ஒசரம்னு சிரிச்சேன். கடைசில வலியே வரல. இன்னும் நாள் இருக்கேம்மா, போயிட்டு வான்னாங்க டாக்டரம்மா. உண்மையச் சொல்லிரலாம்னு என் வீட்டுக்காரர் நாற்காலிய விட்டு எந்திரிச்சார். சட்டையப் பிடிச்சு உக்கார வச்சது நான்தாங்க. மாமியார் பக்கத்துல இருந்தாங்களே.

அதுக்கப்புறமும் எட்டு நாள், வீட்லதான் இருந்தேன்.